பார்சல் பெட்டி: ட்ரோனுக்கும் முன்னால் பட்டறைக்குப் போங்கள்

“இனிமேல் ட்ரோனில் பார்சல் வருமாமே, அதை வாங்கிவைக்க வீட்டில் ஒரு பெட்டி போட்டுவிடலாமா?” புதுக்கோட்டை மாவட்டத்தில் பொன்னமராவதி, திருமயம், அறந்தாங்கிப் பக்கமிருந்து இந்தக் கேள்வி வருகிறது. காரணம் புரிகிறது. மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார். டெலிவரித் தம்பி வரும் நேரத்தில் அப்பா வயலில், அம்மா நூறு நாள் வேலையில். பார்சல் பக்கத்து மளிகைக் கடையில் தங்கும். இல்லையென்றால் ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று வந்த வழியே திரும்பிவிடும்.

பெட்டி போடுங்கள். ஆனால் பைக்கில் வருகிற அந்தத் தம்பிக்காகப் போடுங்கள். ட்ரோனுக்கு அதில் ஒரு வழி விட்டுவைத்தால் போதும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் ட்ரோன் இதுவரை எங்கே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். 2021 அக்டோபரில் மணிப்பூரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அனுப்பிய தடுப்பூசி, பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியில் இருக்கும் கராங் தீவுக்குப் போனது. 15 கி.மீ. தூரம், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 2022 மே மாதம் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் அஞ்சல் துறை 46 கி.மீ. தூரத்துக்கு ட்ரோனில் பார்சல் அனுப்பிப் பார்த்தது. 25 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. குருகிராமில் ஸ்கை ஏர் நிறுவனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பார்சல் கொண்டுபோகிறது. எல்லாமே ஆள் காத்திருந்து வாங்கிக்கொள்ளும் பொது இடங்கள். ஆளில்லாத தனி வீட்டு வாசல், அதுவும் கிராமத்து வாசல், இந்த வரிசையில் கடைசியில்தான் வரும். ஓட்டுபவரின் கண்ணுக்கு எட்டாத தூரம் பறக்கத் தனி அனுமதி வேண்டும். திருச்சி விமான நிலையத்தை ஒட்டிய மாத்தூர்ப் பக்கத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கி.மீ. வரை உயரக் கட்டுப்பாடு உண்டு. ட்ரோன் பறக்கப் பிரித்திருக்கும் மண்டலங்களில் உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதை மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுநர் இல்லாத வண்டியில் பார்சல் வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்காரி 2023 டிசம்பரில், பல லட்சம் ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று சொல்லி அந்த வண்டிகளை அனுமதிக்க மாட்டேன் என்றார்.

வெளிநாட்டில் விற்கிற ‘ஸ்மார்ட்’ பெட்டிகளை வாங்கலாமா என்றால், இப்போது வேண்டாம். ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். உங்கள் பெட்டியின் வாயோ இரண்டடி. மேலே வந்த ட்ரோனுக்கு வாய் எங்கே என்று பெட்டியே ஒரு குறியாலோ சிக்னலாலோ சொல்ல வேண்டும். ஒரு கம்பெனியின் பெட்டி கொடுக்கும் சிக்னல் இன்னொரு கம்பெனியின் ட்ரோனுக்குப் புரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செல்போன் சார்ஜருக்கு ஒரே முனை வருவதற்கே எத்தனை வருஷம் ஆனது!

அதனால் ஊர் கிரில் பட்டறைக்குப் போங்கள். கேட்க வேண்டியது கோயில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி: போடுவது உள்ளே போகும், கை உள்ளே போகாது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், மூன்றடி உயரம் இருந்தால் வீட்டுக்கு வரும் பெரும்பாலான பார்சல்கள் அடங்கும். உடம்புக்கு 18 கேஜ் ஜி.ஐ. ஷீட், கதவுக்கு 16 கேஜ், உள்ளே எல்-ஆங்கிள் சட்டம். மேல் பகுதியில் வெளிப்பக்கம் சாயும் ஒரு தட்டு. தம்பி தட்டை இழுத்துப் பார்சலை வைத்துத் தள்ளினால் அது சரிந்து கீழே விழும். தட்டு திறந்திருக்கும்போது அதன் முதுகுப்பக்கத் தகடு கீழ் அறையின் வாயை முழுக்க அடைத்துவிட வேண்டும். பட்டறைக்காரரிடம் இந்த ஒரு விஷயத்தைப் படம் போட்டே காட்டிவிடுங்கள். அந்தத் தகட்டை ஒரு சாண் குறைத்துவிட்டால், கொக்கி போட்ட கம்பியால் பார்சலை வெளியே இழுத்துவிடலாம். பெட்டி முடிந்ததும், காசு கொடுப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு கம்பியை விட்டு இழுத்துப் பாருங்கள்.

எடுக்கும் கதவு வீட்டுப் பக்கம் பார்த்து இருக்கட்டும். கீல் உள்பக்கம் வரட்டும். நாதாங்கிக்கு மேல் ஒரு தகட்டு மறைப்பு வைத்தால் பூட்டை வெட்டுவது கஷ்டம். வெறும் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடுவார்கள். ஆகவே ஓரடி உயரத்துக்குக் கான்கிரீட் மேடை போட்டு, நான்கு ஆங்கர் போல்ட் வைத்து, நட்டைப் பெட்டிக்கு உள்ளிருந்து முடுக்குங்கள். அந்த ஓரடி மேடை ஐப்பசி மழையில் தேங்கும் தண்ணீருக்கும், பூரான், பாம்புக்கும் சேர்த்துத்தான்.

ட்ரோனுக்கு வழி என்று சொன்னேனே, அது பெட்டியின் கூரைதான். கூரைத் தகட்டைப் பின்பக்கம் சரிவாக, நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டி, கீல் போட்டுத் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். இன்றைக்கு அதை உள்ளிருந்து தாழ் போட்டுவிடலாம். பின்சுவரில் ஒரு ஒயர் குழாய்க்கு ஓட்டை விட்டு மூடிவையுங்கள். பிற்காலத்தில் மோட்டாரும் சிக்னலும் வைக்க வேண்டி வந்தால் பெட்டியை உடைக்க வேண்டியதில்லை. இதற்காகவே சாய்தட்டையும் கழற்றக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள்.

வைக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் முன் நிமிர்ந்து பாருங்கள். தெருக் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், கேபிள் டி.வி. ஒயர், துணிக்கொடி, தென்னை மட்டை, நான்கும் ட்ரோனுக்கு எமன். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் ‘விங்’ ட்ரோன்கள் தரையில் இறங்குவதே இல்லை; ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரத்தில் நின்று கயிற்றில் பார்சலை இறக்கும். அந்தக் கயிறு எதிலும் சிக்காத திறந்த இடம் நம் வீடுகளில் பெரும்பாலும் மொட்டை மாடிதான். ஆனால் மாடியில் வைத்தால் பைக் தம்பிக்குப் பயனில்லை. எனவே பெட்டி இப்போது கேட் ஓரத்தில், இடுப்பு உயரத்தில் வாய் வரும்படி இருக்கட்டும். பிற்காலத்தில் ட்ரோன் வந்தால் போல்ட்டைக் கழற்றிப் பெட்டியை மேலே கொண்டுபோக, மாடியில் இரண்டு மீட்டர் சதுரம் மட்டும் காலியாக விட்டுவையுங்கள். ட்ரோன் கிளப்பும் காற்றில் செம்மண் தூசியும் காயப்போட்ட வற்றலும் சேர்ந்து பறக்கும் என்பதை வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காக்கைகள் சும்மா இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் 2021-ல் அண்டங்காக்கைகள் தாக்கியதால் விங் ஒரு பகுதியில் டெலிவரியையே நிறுத்திவைத்தது. விராலிமலை மயில்கள் என்ன செய்யுமோ!

முகவரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அஞ்சல் துறை 2025 மே மாதம் ‘டிஜிபின்’ கொண்டுவந்தது: ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒன்றாக, பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. அதை எடுக்கும்போது செல்போனோடு பெட்டி பக்கத்திலேயே நின்று எடுங்கள். தோட்டத்து வீடுகளுக்கு இது இன்றைக்கே உதவும்.

வெயில்தான் இந்தப் பெட்டியின் பெரிய எதிரி. அக்கினி நட்சத்திரத்தில் மூடிய தகரப் பெட்டிக்குள் வெளியைவிடச் சூடு அதிகம். வெள்ளை பெயின்ட் அடியுங்கள், நிழலில் வையுங்கள், அடியில் வலை போட்ட காற்றுத் துளை விடுங்கள். இத்தனைக்குப் பிறகும் மருந்தை இதில் போடச் சொல்லாதீர்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய பொருள். மருந்து வரும் நாளில் வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

எலக்ட்ரானிக் பூட்டு பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சாவித்துளையும் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் கரன்ட் வர எத்தனை நாளானது என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. பார்சல் வரும்போது காசு கொடுக்கும் ஆர்டருக்குப் பெட்டி சரிப்படாது, முன்பே பணம் கட்டியதற்குத்தான். ஓ.டி.பி. விஷயத்திலும் கவனம் வேண்டும். உண்மையான டெலிவரிக்கும் ஓ.டி.பி. கேட்பார்கள் என்பதால்தான் ஏமாற்றுவது சுலபமாகிறது. நீங்கள் எதுவும் ஆர்டர் போடாதபோது ஓ.டி.பி. கேட்டு ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பார்சலைப் பெட்டியிலிருந்து எடுப்பதிலிருந்து பிரிப்பது வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பொருள் மாறியிருந்தால் கம்பெனியோடு வாதாடவும், நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யவும் அது கைகொடுக்கும்.

இவ்வளவும் தனி வீட்டுக்கு. என்னைக் கேட்டால், ஊருக்கு ஒரு பொதுப் பெட்டிதான் முதலில் வர வேண்டும். அது கிளை அஞ்சலகத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருந்தால், பத்து அறை, பத்துப் பூட்டு, பொறுப்புக்கு ஓர் ஆள் என்று முடிந்துவிடும். நாளைக்கு மணல்மேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரை ஊர்களுக்குப் பாம்புக்கடி மருந்து ட்ரோனில் வந்தால் இறங்க வேண்டிய இடமும் சுகாதார நிலையத்து மொட்டை மாடியே ஒழிய உங்கள் வீட்டு மாடி அல்ல. அங்கே மேலே போகும் ஒயர்களை ஒதுக்கி, இறங்கும் சதுரத்தைக் குறித்துவைக்கப் பெரிய செலவு ஆகாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள்.