இயற்பியலிலிருந்து பொறியியலுக்கு: நான்கு அறிதல்கள்

தமிழ்த்துறையின் சிறப்பு மலரில் இயற்பியலுக்கும் பொறியியலுக்கும் என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். பகுதி ஒன்று தமிழ் வகுப்பிற்கு எல்லாத் துறை மாணவரும் வருகின்றனர். அவர்களுள் இயற்பியல் மாணவர் பலர் வகுப்பு முடிந்தபின் நம்மை அணுகிக் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது பொறியியலில் இடம் கிடைக்கவில்லை. பட்டம் பெற்ற பின்னராவது பொறியாளர் ஆக இயலுமா?" என்பதே அது.

இவ்வினாவின் பின்னே ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஓர் இளைஞரின் சில ஆண்டுகளும் நிற்கின்றன. ஆதலின் 'இயலும்' என்று ஒரு சொல்லில் விடையிறுத்து விலகுதல் ஆசிரியர்க்கு அழகன்று. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அம்முறையிலேயே இவ்வினாவை ஆராய்வோம்.

தெரிந்து செயல்வகை

முதற்கண் இரு துறைகளின் இயல்பையும் தெரிதல் வேண்டும். இயற்பியல் 'ஏன்' என்று கேட்கிறது. பொறியியலோ 'எவ்வளவு, என்ன செலவில், எத்தனை காலம், எவ்வளவு பாதுகாப்பாக' என்று கேட்கிறது.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள மென் எஃகுக் கம்பி ஒன்றில் எவ்வளவு எடையைத் தொங்கவிடலாம்? கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் அளவில் இவ்வெஃகு மீள்தன்மையை இழந்து நிலையாக நீளத் தொடங்கும் எனக் கொண்டால், கம்பி தாங்கும் எல்லை ஏறத்தாழ 19,600 நியூட்டன். அதாவது 2,000 கிலோகிராம் எடை. இயற்பியல் மாணவரின் கணக்கு இங்கே முடிகிறது. பொறியாளரின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. கம்பியில் துரு ஏறலாம், எடை ஆடலாம், உற்பத்தியில் குறை நேர்ந்திருக்கலாம். எனவே அவர் பாதுகாப்புக் காரணி 4 எனக் கொண்டு, 500 கிலோகிராமுக்கு மேல் ஏற்றலாகாது என்று எழுதுவார். இந்த நான்கு எந்த விதியிலிருந்தும் தருவிக்கப்பெற்றதன்று. பட்டறிவிலும் பொறுப்புணர்விலும் பிறந்தது. இம்மனநிலை தமக்கு உவப்பானதா என்பதை மாணவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

வலியறிதல்

இயற்பியல் பயின்றவர் வெறுங்கையுடன் செல்பவர் அல்லர். மின்காந்தவியல், திண்மநிலை இயற்பியல், ஒளியியல், வெப்ப இயக்கவியல் ஆகியன பொறியியலின் வேர்கள். நுண்சுற்றுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான இராபர்ட் நாய்சு 1953இல் முனைவர் பட்டம் பெற்றது இயற்பியலில்தான்.

எதிர்த்திசையில் சென்றோரும் உளர். பால் டிராக் 1921இல் பிரிசுடலில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். 1933இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தோராயங்களைப் பொறுத்துக்கொள்ளத் தமக்குக் கற்பித்தது பொறியியல் கல்வியே என்று அவரே பின்னாளில் நன்றியுடன் குறிப்பிட்டதுண்டு. டிரான்சிசுடரைக் கண்டறிந்தோருள் ஒருவரான சான் பார்டீனும் முதலில் மின்பொறியியல் பயின்றவரே. ஆகவே இது ஒருவழிப் பாதை அன்று.

ஆயினும் குறையையும் அறிதல் வேண்டும். பொறியியல் வரைபடம், சுற்று வடிவமைப்பு, பொருள்களின் வலிமை, பணிமனைப் பயிற்சி ஆகியவற்றை இயற்பியல் மாணவர் முறையாகப் பயின்றிருப்பது அரிது. முதுநிலை வகுப்பில் உடனமர்வோர் நான்காண்டுகள் அவற்றைப் பயின்றவராய் இருப்பர். முதற்பருவம் கடினமாக இருக்கும் என்பதை முன்னரே உணர்ந்து, விடுமுறையிலேயே அப்பாடங்களைத் தொடங்குதல் நலம்.

காலமறிதல்

நம் நாட்டு வரலாற்றில் இவ்வழிக்கு ஒளிமிக்க சான்று உண்டு. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பெற்ற சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், அறிவியல் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் பொறியியல் கல்வியை அளித்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அங்குச் சேர்ந்தே வானூர்திப் பொறியியல் பயின்றார். சேர்க்கைக் கட்டணத்திற்காகத் தம் தமக்கை நகைகளை அடகு வைக்கத் தந்த செய்தியை அவர் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் நெகிழ்ந்து கூறியுள்ளார். அதே கல்லூரியில் இயற்பியல் பயின்று, அதே நிறுவனத்தில் மின்னணுவியல் கற்றவர் எழுத்தாளர் சுசாதா. தமிழில் அறிவியலை எளிமையாக எழுதிய அவர், பாரத் எலக்ட்ரானிக்சு நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்காற்றினார்.

அம்மூன்றாண்டுப் படிப்பு இன்று அங்கில்லை. இன்றுள்ள வழிகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, கணிதம் பயின்ற இளம் அறிவியல் பட்டதாரிகள் பொறியியல் இளநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்தல். மற்றொன்று, இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, 'கேட்' தேர்வில் இயற்பியல் தாளை எழுதி, எம்.டெக். சேர்தல். இளம் அறிவியல் மூன்றாண்டுப் பட்டம் ஒன்றை மட்டும் கொண்டு எம்.டெக்.கில் சேரலாம் எனக் கருதி ஏமாறுவோர் உளர். அது பொதுவாக இயலாது.

கால அளவைக் கணக்கிடுவோம். முதல் வழியில் மூன்றும் மூன்றும் ஆக ஆறாண்டுகள். கையில் இரு இளநிலைப் பட்டங்கள். இரண்டாம் வழியில் மூன்றும் இரண்டும் இரண்டும் ஆக ஏழாண்டுகள். கையில் இரு முதுநிலைப் பட்டங்கள். கேட் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். அதன் வழி எம்.டெக். சேர்வோர் பலர்க்கு மாத உதவித்தொகையும் கிடைப்பதால் குடும்பத்தின் சுமை குறையும்.

இடனறிதல்

எல்லாப் பிரிவுகளும் இயற்பியலார்க்குக் கதவு திறப்பதில்லை. கட்டடப் பொறியியல் போன்றவை பெரும்பாலும் பொறியியல் இளநிலைப் பட்டத்தையே கேட்கும். பொருளறிவியல், ஒளிப்பொறியியல், லேசர் தொழில்நுட்பம், திண்மநிலைத் தொழில்நுட்பம், ஆற்றல் துறை ஆகியவற்றிலேதான் இயற்பியலார்க்கு வாய்ப்பு மிகுதி. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பயன்முறை ஒளியியல் எம்.டெக். படிப்பு இதற்கு நல்ல சான்று. அதனை நடத்துவதே இயற்பியல் துறைதான்.

இனி, யாரும் எளிதில் எடுத்துரைக்காத உண்மை ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எம்.டெக். பெற்றுவிட்டால் பி.இ. பெற்றவர்க்குரிய எல்லாப் பணிகளும் கிட்டும் என்று எண்ணலாகாது. பொதுத்துறை நிறுவனங்களின் பொறியாளர் பணிக்கும், பொறியியல் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் பெரும்பாலும் பி.இ. அல்லது பி.டெக். பட்டமே அடிப்படைத் தகுதியாகக் கேட்கப்படுகிறது. அத்தகைய பணியையே குறியாகக் கொண்டவர்க்கு முதல் வழியே ஏற்றது. ஆய்வுக்கூடம், நுண்மின்னணுத் தொழில், முனைவர் பட்ட ஆய்வு ஆகியவற்றை நாடுவோர்க்கு இரண்டாம் வழி மிகப் பொருந்தும். சேரும் முன் தாம் விரும்பும் பணியின் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, கல்வித் தகுதி பற்றிய வரியை ஒருமுறை படித்துவிடுக. அவ்வொரு வரி ஏழாண்டு உழைப்பைக் காக்கும்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! பொறியியலில் இடம் கிடைக்காத வருத்தத்தால் மட்டும் துறை மாற எண்ணாதீர். அவ்வருத்தம் ஓராண்டில் ஆறிவிடும். படிப்போ வாழ்நாள் முழுதும் உடன்வரும். கருவி ஒன்றைச் செய்து, அது பிறர்க்குப் பயன்படுதலைக் காணும் வேட்கை உம்மிடம் உண்டாயின், தயங்காமல் செல்க. விதியை அறிவதிலேயே உள்ளம் நிறைவுறுமாயின், இயற்பியலிலேயே நிலைத்து நிற்க. அதுவும் குறைந்த வாழ்வன்று.

பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. அன்று ஒரு தமக்கையின் நகை ஒரு பொறியாளரை உருவாக்கிற்று. இன்றும் கட்டணம் இன்மையால் இடம் இழக்கும் மாணவர் உளர். கல்விக்கு உதவும் கரங்கள் அவர்களைத் தேடிச் செல்லுமாயின், 'இயலுமா' என்ற வினாவிற்கு நாம் தயக்கமின்றி விடை கூறுவோம்.