ஆறுக்கு மூன்று

கேள்வி: ஜூரிகள் எல்லாரும் ஒத்துப்போகாமலே அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்களாமே? நம் ஊரில் அப்படி உண்டா?
(தோல் தொழிலாளி ஒருவர், ஆம்பூர்)

பதில்: நிஜம்தான். பன்னிரண்டில் ஒன்பது பேர் சொன்னாலே போதும் என்று லூசியானா மாநிலம் 1898-ல் சட்டம் எழுதியது. ஜூரியில் உட்காரும் ஓரிரு கறுப்பரின் பேச்சு எடுபடக் கூடாது என்பதே உள்நோக்கம். இப்படி ஒருமனதில்லாத தீர்ப்பு செல்லாது என்று 2020-ல் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், மறு வருஷமே பழைய கைதிகளுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று கையை விரித்தது. இதே வழக்கம் இருந்த ஓரேகான் மாநிலத்தின் நீதிமன்றம் 2022-ல் அங்குள்ள பழைய கைதிகளுக்கும் வழிவிட்டது.

நம் ஊரிலா? சினிமா நடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் மறந்துவிட்டீர்களே! அவர்கள் சிக்கிய, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், 1945-ல், சென்னை ஹைகோர்ட் ஜூரி ஒன்பது பேரில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். அன்றைய சட்டத்துக்கு ஆறு போதும். அந்த ஆறில் ஒருவர் மட்டும் மனம் மாறியிருந்தால் ஜூரியையே கலைத்திருப்பார்கள். ஆயுள் தண்டனை விழுந்தது, அப்பீலும் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொன்ன பிறகுதான் 1947-ல் விடுதலை. லண்டன் வரை வக்கீல் வைக்க அவர்களிடம் காசு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்.எஸ்.கே. மீண்டு வந்து 'மணமகள்' படம் எடுத்தார். பாகவதரின் மார்க்கெட் திரும்பவே இல்லை.