ஐபி போனுக்கு வழிசொல்ல ஸ்விட்ச் இருக்கிறது

திருப்பனந்தாள் பக்கம் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் பத்து ஐபி போன் மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு போனின் மெனுவையும் திறந்து வீலான் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி) எண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். நாளைக்கு ஒன்று பழுதாகி, கும்பகோணத்தில் கிடைத்த வேறு கம்பெனி போனை வாங்கி மாட்டினால் மறுபடியும் அதே வேலைதான். அந்த வேலையை ஸ்விட்சிடமே விட்டுவிடலாம்.

அதற்கான நெறிமுறை எல்எல்டிபி. கேபிளின் இரு முனைக் கருவிகளும் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் இந்த முறையை 2005-இல் ஐஇஇஇ 802.1ஏபி என்று தரப்படுத்தினார்கள். போன்களுக்கான எல்எல்டிபி-மெட் அடுத்த ஆண்டு வந்தது. சிஸ்கோவுக்கு சிடிபி என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் கிடைத்த கம்பெனியை வாங்கும் நம் ஊர் அலுவலகங்களுக்கு எல்எல்டிபி-மெட்தான் சரி.

முதலில் ஸ்விட்சில் இரண்டு வீலான் உருவாக்குங்கள்: கணினிக்கு 10, குரலுக்கு 20. ரவுட்டரில் 20-க்கும் தனி ஐபி வரிசையும் டிஎச்சிபியும் வேண்டும். இதை விட்டுவிட்டால் போன் சரியான வீலானுக்குப் போயும் முகவரி கிடைக்காமல் நிற்கும். பல புகார்களின் மூலம் இதுதான்.

அடுத்து எல்எல்டிபியை இயக்குங்கள். பல சிஸ்கோ மாடல்களில் அது அணைந்தே இருக்கும். ‘எல்எல்டிபி ரன்’ என்று ஒரு வரி கொடுத்தால் போதும். பிறகு போன் மாட்டும் போர்ட்களில் மட்டும் ‘ஸ்விட்ச்போர்ட் வாய்ஸ் வீலான் 20’. சும்மா கிடக்கும் போர்ட்களுக்குக் கொடுக்காதீர்கள். எல்எல்டிபி யாரையும் சோதிப்பதில்லை. மடிக்கணினி ஒன்று போன் மாதிரி நடித்தாலும் நம்பிவிடும். அதே போர்ட்களில் போர்ட்ஃபாஸ்டும் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய ஸ்பானிங் ட்ரீ போர்ட்டைத் திறக்க 30 விநாடி எடுத்துக்கொள்ளும், அதற்குள் போன் முகவரி கேட்டு ஓய்ந்துவிடும்.

இப்போது போனை மாட்டுங்கள். வீலான் 20, முன்னுரிமை 5, டிஎஸ்சிபி 46 என்று ஸ்விட்ச் சொல்ல, போன் கேட்டுக்கொள்ளும். முன்னுரிமை முக்கியம்: கணக்குக் கணினி பெரிய கோப்பை இழுக்கும்போதும் வியாபாரியோடு பேசுகிற பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கக் கூடாது.

‘ஷோ எல்எல்டிபி நெய்பர்ஸ் டீட்டெய்ல்’ கொடுத்துப் பாருங்கள். மாடல், மென்பொருள் பதிப்பு, வாய்ஸ் வீலான் எல்லாம் வரும். அறிவிப்பு வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை. கேபிளைப் பிடுங்காமல் போன் மட்டும் மௌனமானால் 120 விநாடியில் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். போன் வரவே இல்லையென்றால் மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். ஐந்து போர்ட் மலிவு ஸ்விட்ச் ஒன்று நடுவே ஒளிந்திருக்கும். அவற்றில் பல இந்த அறிவிப்புகளை அப்படியே விழுங்கிவிடும். அதை எடுத்துவிட்டு நேர் கேபிள் இழுங்கள்.

போனுக்கு அதே கேபிள் வழியே ஸ்விட்ச் தரும் மின்சாரத்தை மறக்க வேண்டாம். 802.3ஏஎஃப் முறையில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம் என்றாலும், எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஸ்விட்ச் தரும் மொத்த வாட் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் இது. ஸ்விட்சும் ரவுட்டரும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். இடியிலிருந்து காக்க முறையான எர்த்தும் வேண்டும்.

கடைசியாக, அமைப்பைச் சேமித்துவிட்டு, எந்தப் போர்ட்டில் எந்த மேசைப் போன் என்று தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.