பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கர் உறுமுகிறதா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உள்ளூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலோ ஒரு போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி, தகரக் கேபினெட்டில் அடைத்த ஆம்ப்ளிஃபயர்கள் இன்றும் எத்தனையோ வீடுகளிலும் டீக்கடைகளிலும் பாடிக்கொண்டிருக்கின்றன. எல்ஏ4440, டிடிஏ2030 போன்ற ஐசிகளில் செய்த இந்தப் போர்டுகள் கொடுத்த காசுக்கு மேலாகவே பாடும். அவற்றின் பெயரைக் கெடுப்பது பின்னணியில் ஓயாமல் வரும் 'உம்ம்' சத்தம்தான். பெரும்பாலும் குற்றம் போர்டில் இல்லை, ஒயரிங்கில் இருக்கிறது. வேறு போர்டு வாங்கக் கிளம்புவதற்கு முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

1. முதலில் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு பவர் சப்ளையிலோ, வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகுள்ள ஒயரிங்கிலோ இருக்கிறது. வால்யூமைக் கூட்டும்போது சத்தமும் கூடினால் அது வெளியிலிருந்து வருகிறது: இன்புட் ஒயர், புளூடூத் போர்டு, டிவி என்று ஏதோ ஒன்று. அடுத்து இன்புட் பின்னைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் இன்புட் சாக்கெட்டில் நடுப்புள்ளியையும் வெளி வளையத்தையும் ஒரு சிறு ஒயரால் சேருங்கள். சத்தம் அடங்கினால் ஆம்ப்ளிஃபயர் நலம். பாட்டு வரும் பாதையைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் பார்ட்ஸ் மாற்றத் தொடங்கினால் காசுதான் வீண்.

2. சத்தத்தின் குரலையும் கவனியுங்கள். ஆழமான 'ம்ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ்: கிரவுண்டு கோளாறு, ஷீல்டு இல்லாத ஒயர் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். கரகரப்பான 'ர்ர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸ்: பெரும்பாலும் ஃபில்டர் கண்டென்சர். மெல்லிய 'கீ' என்றால் புளூடூத் போர்டு அல்லது எஸ்எம்பிஎஸ்.

3. கேபினெட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு பெரிய கண்டென்சரின் இரு கால்களுக்கும் குறுக்கே 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில நொடிகள் வைத்து சார்ஜை இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். 230 வோல்ட் வரும் பிரைமரி ஒயர் இணைப்புகளில் ஸ்லீவ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

4. 100 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு ஃபில்டர் கண்டென்சரே முதல் சந்தேகம். தலை உப்பியிருந்தால், அடியில் கசிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். மலிவு செட்களில் 1000 மைக்ரோஃபாரட் போட்டு முடித்துவிடுவார்கள். 1 ஆம்பியர் இழுக்கும்போது, தோராயக் கணக்கில், அதில் ரிப்பிள் 10 வோல்ட் வரை போகும். 4700 போட்டால் சுமார் 2 வோல்ட்தான். வோல்டேஜிலும் கஞ்சத்தனம் கூடாது. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி, ரெக்டிஃபை ஆனதும் 16 வோல்ட்டை ஒட்டி நிற்கும், லோடு இல்லாதபோது இன்னும் ஏறும். அதனால் 25 வோல்ட் கண்டென்சர்தான் போட வேண்டும். 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 35 வோல்ட். ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்கும் கண்டென்சர் சீக்கிரம் காய்ந்துபோகும். தள்ளி வைக்க முடியாவிட்டால் 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்குங்கள். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

5. பலரும் கோட்டைவிடும் இடம் கிரவுண்டு ஒயரிங். கையில் கிடைத்த கிரவுண்டிலெல்லாம் ஒயரை ஒட்டிக்கொண்டே போவதுதான் வழக்கமாக நடப்பது. ஸ்பீக்கரிலிருந்து திரும்பும் கரண்ட்டும், கண்டென்சரை சார்ஜ் செய்யும் கரண்ட்டும், மெல்லிய இன்புட் சிக்னலும் ஒரே ஒயரில் போனால் ஹம் வராமல் இருக்காது. கணக்கைப் பாருங்கள்: ஒரு துண்டு ஒயரின் ரெசிஸ்டன்ஸ் 0.01 ஓம் என்றால், 1 ஆம்பியர் ஓடும்போது அதில் 10 மில்லிவோல்ட் விழும். எல்ஏ4440 சிக்னலை 300 மடங்குக்கு மேல் பெருக்கும். அந்த 10 மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு இன்புட்டில் கலந்தாலும் ஸ்பீக்கரில் 0.3 வோல்ட்டுக்கு மேல் ஹம் நிற்கும். இரவில் பக்கத்து அறைக்கே கேட்கும்.

இதற்குத் தீர்வு ஒரே புள்ளி. ஃபில்டர் கண்டென்சரின் கிரவுண்டு காலிலிருந்து ஒரு தடித்த ஒயரை இழுத்து ஒரு லக்கில் முடியுங்கள். போர்டின் கிரவுண்டு, ஸ்பீக்கர் மைனஸ், புளூடூத் போர்டின் மைனஸ், கேபினெட் ஒவ்வொன்றும் தனித்தனி ஒயரில் அந்த லக்குக்கே வர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் மட்டும் லக்குக்கு வராமல் நேராகக் கண்டென்சர் காலுக்கே போகட்டும். பிரிட்ஜ் முறையில் இணைத்த போர்டில் ஸ்பீக்கரின் எந்த முனையையும் கிரவுண்டில் சேர்க்கக்கூடாது. இந்த ஒரு வேலையிலேயே செலவில்லாமல் பாதி செட்கள் அடங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

6. வால்யூம் குமிழைத் தொட்டால் ஹம் குறைகிறதா? கண்ட்ரோலின் உலோக உடல் கிரவுண்டு ஆகவில்லை. உடலைச் சற்றுச் சுரண்டிவிட்டு ஒரு ஒயரை சால்டர் செய்து கிரவுண்டில் சேருங்கள்.

7. இன்புட் சாக்கெட்டிலிருந்து வால்யூம் கண்ட்ரோலுக்கும், அங்கிருந்து போர்டுக்கும் ஷீல்டு ஒயர்தான் போட வேண்டும். சாதாரண ரிப்பன் ஒயர் ஆண்டெனா வேலையைச் செய்யும். இரண்டு பக்கமும் ஏற்கெனவே கிரவுண்டு இருந்தால் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் சேர்த்தால் போதும்.

8. டிரான்ஸ்ஃபார்மரைக் கேபினெட்டின் ஒரு மூலையிலும், இன்புட், வால்யூம் பகுதியை எதிர் மூலையிலும் வையுங்கள். இடம் இல்லையென்றால் ஸ்க்ரூவைக் கழற்றி டிரான்ஸ்ஃபார்மரை 90 டிகிரி திருப்பி வையுங்கள். ஹம் குறைவது காதுக்கே தெரியும்.

9. யுஎஸ்பி, எஃப்எம், புளூடூத் மூன்றும் சேர்ந்த போர்டு, பாட்டு இல்லாத நேரத்தில் 'கீ... டிக் டிக்' என்று கத்துவது பலரும் சொல்லும் குறை. ஆம்ப்ளிஃபயருடன் ஒரே சப்ளையையும் ஒரே கிரவுண்டையும் அது பகிர்ந்துகொள்வதுதான் காரணம். தற்காலிகமாக அதன் மைனஸ் ஒயரை லக்கிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு பவர் பேங்க்கிலிருந்து அதற்கு 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பி0505எஸ் என்ற சிறு ஐசோலேட்டட் கன்வெர்ட்டரை அதன் சப்ளையில் சேர்க்கலாம். அது 1 வாட் கருவி, 5 வோல்ட்டில் 200 மில்லிஆம்பியர்தான் தரும். பென் டிரைவும் ஓடும் போர்டானால் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிட்டுச் சேருங்கள்.

10. மாலையில் மட்டும் கரகரக்கிறதா? அறையில் உள்ள எல்ஈடி பல்புகளையும் ஃபேனையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். குமிழைச் சுற்றும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் முக்கியமான குற்றவாளி. நான்கைந்து ஸ்டெப் உள்ள கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாறினால் தொல்லை தீரும்.

11. வால்யூமைத் திருப்பும்போது 'கரக் கரக்' என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்க்கும். சுத்தம் செய்தும் உடனே திரும்ப வந்தால் இன்புட் கண்டென்சர் டிசி கசியவிடுகிறது, மாற்றுங்கள்.

12. 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு: மொபைலின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் குறையுங்கள். மாற்றி வைப்பதுதான் பெரும்பாலானோரின் பழக்கம்.

13. டிவியோ லேப்டாப்போ சேர்த்தால் மட்டும் ஹம் வந்தால் அது கிரவுண்டு லூப். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். டிவியில் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். எதில் நிற்கிறதோ அதுதான் வழி. கார் ஆடியோ கடைகளில் கிடைக்கும் கிரவுண்டு லூப் ஐசோலேட்டரை இன்புட் ஒயரில் சேர்த்தால் சரியாகிவிடும்.

இதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஹம் போய்விடும், உண்மைதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றைக்காவது விட்டுப்போனால் தகரக் கேபினெட்டில் 230 வோல்ட் நிற்கும். அதைத் தொடுவது வீட்டில் ஒரு குழந்தையாகவும் இருக்கலாம். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் எர்த் பின் உடைந்திருந்தால், ஹம்மை விடுங்கள், முதல் வேலையாகப் புதுப் பிளக் மாட்டுங்கள்.