குன்றேறும் உரிமை

நுழையும்முன்

ஒரு பாதை யாருக்குச் சொந்தம்? நிலத்தை உடையவருக்கா? தலைமுறை தலைமுறையாக அதில் நடந்து வந்தவர்களுக்கா? இங்கிலாந்தின் சிறு குன்று ஒன்று 1887ஆம் ஆண்டில் எழுப்பிய வினா இது. அதற்கு மக்கள் தம் கால்களால் அளித்த விடையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஏரிகளின் நாடு

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ளது ஏரி மாவட்டம். பனியூழிக் காலத்தில் பனியாறுகள் இம்மலைகளைக் குடைந்து பள்ளத்தாக்குகளை அகழ்ந்தன. பனி உருகியபின் அப்பள்ளங்களில் நீர் நிறைந்து, நீண்ட ஏரிகள் தோன்றின. அவற்றுள் ஒன்றான டெர்வென்ட்வாட்டரின் வடகரையை ஒட்டி அமைந்த சிற்றூர் கெஸ்விக். ஊரின் வடக்கே நிற்கிறது லாட்ரிக் குன்று. அதன் உயரம் 368 மீட்டர். பின்னால் 931 மீட்டர் உயரமுள்ள ஸ்கிடா மலை ஓங்கி நிற்பதால், தாயின் மடியில் அமர்ந்த குழந்தைபோல் லாட்ரிக் காட்சி தருகிறது.

உச்சியில் ஒரு காட்சி

ஊரிலிருந்து நடப்போர் முதலில் மரநிழலில் ஏறுகின்றனர். மேலே செல்லச்செல்ல மரங்கள் விலகுகின்றன, புல்வெளி விரிகிறது, காற்று வலுக்கிறது. உச்சியை அடைந்தவுடன் நிலத்தின் வரலாறே கண்முன் தெரிகிறது. தெற்கே தீவுகளைத் தாங்கிய டெர்வென்ட்வாட்டர். வடமேற்கே பாசன்த்வெயிட் ஏரி. இரண்டுக்கும் நடுவே பசுமையான சமவெளி. முற்காலத்தில் இரண்டும் ஒரே ஏரியாக இருந்தன. ஆறுகள் கொணர்ந்த வண்டல் இடையில் படிந்து அவற்றைப் பிரித்தது. நூலில் படித்தால் நெடுநேரம் விளக்க வேண்டிய செய்தியைக் குன்றின் உச்சி ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது.

அடைபட்ட பாதை

இக்காட்சியைக் காணும் வாய்ப்பு ஒருமுறை மறுக்கப்பட்டது. குன்றின் நிலவுடைமையாளர், மக்கள் வழங்கிவந்த பாதைகளைத் தடுப்புகளால் அடைத்தார். கெஸ்விக் வட்டார நடைவழிப் பாதுகாப்புச் சங்கத்தினர் இதனை எதிர்த்தனர். ஏரி மாவட்டத்துக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஹென்றி ஜென்கின்சன் முன்னின்றார். கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றுவதைத் தடுக்கப் போராடிய சாமுவேல் பிளிம்சாலும் துணைநின்றார். 1887 அக்டோபர் 1 அன்று ஏறத்தாழ 2,000 பேர் திரண்டு, தடைகளைக் கடந்து உச்சியை அடைந்தனர்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 1888இல் இருதரப்பும் உடன்பாடு கண்டன. கேட்டவை அனைத்தும் கிடைக்கவில்லை. எனினும், உச்சிக்குச் செல்லும் பாதையில் நடக்கும் உரிமை பொதுமக்களுக்கு உறுதியாயிற்று.

குன்றிலிருந்து நாடு வரை

அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஹார்ட்விக் ரான்ஸ்லி என்னும் சமயக்குரு. வழக்காடி ஒரு பாதையை மீட்கலாம். நிலத்தையே பொதுவாக்கினால் பாதை என்றும் அடைபடாது. இவ்வழியில் அவர், ஆக்டேவியா ஹில், இராபர்ட் ஹன்டர் ஆகியோருடன் இணைந்து 1895இல் தேசிய அறக்கட்டளையை நிறுவினார். 1902இல் டெர்வென்ட்வாட்டரின் கரையிலுள்ள பிரண்டல்ஹவ் காடு, மக்கள் அளித்த நன்கொடையால் வாங்கப்பட்டுப் பொதுவுடைமை போலத் திறந்துவிடப்பட்டது. 1951இல் ஏரி மாவட்டம் தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் மலைகளிலும் தரிசுவெளிகளிலும் நடந்து உலவும் உரிமையை விரிவாக்கியது.

இன்று லாட்ரிக்கின் பின்புறத்தில், சக்கர நாற்காலியில் செல்வோரும் உச்சிப்பகுதியை அடையுமாறு மென்சரிவுப் பாதை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. நடப்பவர்களுக்காக மீட்கப்பட்ட குன்று, நடக்க இயலாதவர்களையும் வரவேற்கிறது. உரிமை என்பது பெற்றவுடன் முடிவதன்று. பிறருக்கும் விரியும்போதே அது நிறைவு பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஏரி மாவட்டத்தில் மலையை ‘ஃபெல்’ என்றும், ஓடையை ‘பெக்’ என்றும், மலைக்குளத்தை ‘டார்ன்’ என்றும் வழங்குவர். இவை ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியோரின் பழைய நார்சு மொழியிலிருந்து வந்த சொற்கள். மக்கள் மறைந்தாலும் அவர்கள் இட்ட பெயர்கள் நிலத்தில் நிலைக்கின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் அனைவரும் பயன்படுத்தும் பாதை, குளக்கரை, குன்று ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைப் பொதுவாகப் பேணுவதன் தேவை குறித்து வகுப்பறையில் உரையாடுக.