கண்ணுக்குத் தெரியாத கையொப்பம்

முன்னுரை

கையால் எழுதினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சியே, மொட்டைக் கடிதம் எழுதுவோர் தட்டச்சையும் அச்சையும் நாடினர். அச்செழுத்துக்கு ஆள் அடையாளம் இல்லை என்ற அந்த நம்பிக்கை இன்றும் பொருந்துமா? ஆராய்வோம்.

வெளிப்படையான அடையாளம்

அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் நூலிலும் இதழிலும் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2024 மார்ச் வரை அது நடைமுறையில் இருந்தது. பெயர் வெளியிடுவதன் விலையை 1908-இல் 'இந்தியா' இதழ் கண்டது. பதிவேட்டில் பெயர் இருந்த சீனிவாசன் சிறை சென்றார். எழுதிய பாரதியார் புதுவை சென்றார்.

தேர்தல் சுவரொட்டிகளுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு இன்றும் உண்டு. அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் அதில் இருத்தல் வேண்டும். தருமபுரியில் அச்சானால் ஒரு படி மாவட்ட ஆட்சியருக்குச் செல்ல வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையால் படியெடுப்பதை மட்டும் இப்பிரிவு அச்சாகக் கொள்வதில்லை என்பது நோக்கத்தக்கது.

மறைவான அடையாளம்

வண்ண லேசர் அச்சுப்பொறிகள் பலவற்றில் வேறொரு முறை உள்ளது. கள்ள நோட்டைத் தடுக்கும் நோக்குடன், தாள் முழுவதும் மிக நுண்ணிய மஞ்சள் புள்ளிகளை அவை இட்டுவிடுகின்றன. வெள்ளைத் தாளில் மஞ்சள் கண்ணுக்குப் புலப்படாது. நீல ஒளியைப் பாய்ச்சி உருப்பெருக்கியால் நோக்கினால், மஞ்சள் நீலத்தை உறிஞ்சுவதால் புள்ளிகள் கருமையாகத் தெரியும்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒரு வகைப் பொறியின் குறியீட்டை அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் பிரன்டியர் பவுண்டேஷன் 2005-இல் விடுவித்தது. 15 நிரல், 8 வரிசை கொண்ட கட்டத்தில் பொறியின் வரிசை எண், அச்சிட்ட நாள், மணி, நிமிடம் யாவும் அடங்கியிருந்தன.

2017-இல் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்பார் அரசின் இரகசிய ஆவணமொன்றைச் செய்தி நிறுவனத்துக்கு அனுப்பினார். வெளியான படியின் புள்ளிகளைப் படித்தவர்கள், அது மே 9 காலை 6.20 மணிக்கு அச்சானது எனக் கண்டனர். ஆயினும் அவரைக் கண்டுபிடிக்க அலுவலகக் கணினிப் பதிவே வழிகாட்டிற்று. அந்த ஆவணத்தை அச்சிட்டவர்கள் ஆறு பேரே. புள்ளி இல்லாத பொறியும் முழுக் காப்பு ஆகாது என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

சுவரொட்டியின் அடியில் உள்ள பெயரை இட்டவரும் அறிவார், படிப்பவரும் அறிவார். மஞ்சள் புள்ளியையோ இட்டவரே அறியார். கள்ள நோட்டுக்காரனைப் பிடிக்கும் அதே புள்ளி, ஊழலை அஞ்சி அஞ்சி எழுதுபவனையும் காட்டிக்கொடுக்கும். எதில் பெயர் வேண்டும், எதில் வேண்டாம் என்பதை மக்கள் அறிய வகுக்கப்பட்ட சட்டம் சொல்லட்டும். மக்கள் அறியாமல் ஒரு பொறி முடிவு செய்தல் முறையன்று.