பாறுக் கழுகும் முதற் சீலமும்

கொல்லாமையே பஞ்ச சீலங்களுள் முதலாவது. கத்தியெடுத்துக் கொல்வது கொலை என்பதை யாவரும் அறிவர். ஆயின், கருணையினால் கொடுத்த மருந்தொன்று ஒரு பறவைக் குலத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளினால், அதனை என்னென்பது? இதுவே இம்மாதப் பாடம்.

பகவர் தங்கித் தம்மம் போதித்த இடங்களுள் ராஜகிருகத்துக் கிஜ்ஜகூடமும் ஒன்று. கழுகுக் குன்று என்பது அதன் பொருள். நம்மவர் பிணந்தின்னிக் கழுகு என முகஞ் சுளிக்கும் பறவையைப் பண்டைத் தமிழர் பாறு என்றனர். சிறகை அசைக்காமலே, மேலெழும் வெப்பக் காற்றில் மணிக்கணக்காய் மிதந்து, நெடுந்தொலைவிற் கிடக்கும் இரையைக் கண்ணாலேயே கண்டறியும் வல்லமை அதற்குண்டு. பெரும்பாலும் அது எவ்வுயிரையும் கொல்வதில்லை, செத்ததையே உண்ணும். ஒரு கூட்டம் கூடினால் இறந்த மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாக்கிவிடும். பிற உயிர்களைக் கொல்லும் நோய்க் கிருமிகள் பல அதன் வயிற்று அமிலத்தில் மடிகின்றன.

இத்துணை நன்மை செய்யும் பறவையை உலகம் அபசகுனம் என்றது. அழுக்கை அகற்றுவோரையே அழுக்கென்று தள்ளிவைக்கும் வழக்கத்தை நாம் புதிதாக அறிய வேண்டுவதில்லை. நூற்பாலையிற் பணிபுரிந்த நாட்களில் நாம் கண்டதும் அதுவே. பஞ்சுத் தூசியைப் பெருக்குவோருக்குக் கூலி குறைவு. மதிப்போ அதனினும் குறைவு. எனினும், அவர் பெருக்காவிடில் ஒரு தீப்பொறி ஆலையையே எரித்துவிடும்.

பாறுகளுக்கு நேர்ந்தது யாது? 1990ஆம் ஆண்டுகளில் அவை இந்தியாவெங்கும் கொத்துக் கொத்தாய் மடிந்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. காரணம் 2004இல்தான் வெளிப்பட்டது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே அது. மருந்துண்ட மாடு சில நாட்களில் இறந்தால், அதன் இறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் கெட்டு, அதுவும் மாண்டது. பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவது. ஆதலின் இழப்பை விரைவில் ஈடுசெய்ய இயலவில்லை.

கழுகு குறையவே, கிராமப்புறங்களில் பிணங்கள் கிடந்து அழுகின, தெருநாய்கள் பெருகின. இவ்வழிவினால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக மடிந்தன என 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. ஓருயிரின் அழிவு அதனோடு நிற்பதில்லை; சார்பினால் தோன்றியவை சார்பினாலேயே கெடும்.

இனி, முதலிற் கேட்ட வினாவுக்கு வருவோம். வினைக்கு மூலம் எண்ணமே என்பது பகவரின் போதனை. நோவுற்ற மாட்டுக்கு இரங்கி, விளைவறியாது ஊசி போட்ட உழவர் கொலைஞர் ஆகார். ஆயின் 2004க்குப் பின் அறியாமை நமக்குப் புகலிடமன்று. அரசு 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நீடித்தமையால், 2015இல் குப்பியின் அளவு 3 மில்லி எனக் குறைக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவையும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. அறிந்த பின்னும் இலாபம் கருதி இவற்றை மாட்டுக்கு விற்பது, உபாசகர் விலக்க வேண்டிய ஐந்து வணிகங்களுள் ஒன்றான நஞ்சு வணிகமன்றி வேறென்ன?

இடப்பள்ளியில் வாழும் நாம் இப்பறவையைக் காண விரும்பினால் வடக்கே வயநாட்டுக் காட்டுக்குச் செல்ல வேண்டும். கேரளத்தில் அவை எஞ்சியிருப்பது அங்கேதான். தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் வாழ்கின்றன. கேரளம், தமிழ்நாடு, கருநாடகம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 பறவைகளும், அவ்வாண்டு டிசம்பரில் 320 பறவைகளும் காணப்பட்டன. சிறு தொகையே, எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு.

நாம் செய்யத்தக்கவை மூன்று:

1. மாடு வளர்ப்போர் கால்நடை மருத்துவரைக் கேட்டு, பாறுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் போன்ற மருந்தையே பெறுக. தடையுற்ற மருந்தைக் கடையில் வாங்கித் தாமே ஊசி போடற்க.

2. காட்டோரம் வாழ்வோர், ஆடுமாடுகளைக் கொன்ற புலி சிறுத்தைகளைப் பழிவாங்க இரையில் நஞ்சு வைக்கற்க. அந்நஞ்சு பாறுகளையும் கொல்லும்.

3. கழுகு அபசகுனம் என்னும் மூடக் கொள்கையைப் பிள்ளைகளுக்குக் கற்பியாதிருக்க. அதன் தொழிலின் மேன்மையைக் கற்பிக்க.

கருணையும் பிரக்ஞையும் பறவையின் இரு சிறகு போல்வன. அறிவில்லாக் கருணை கைதவறிக் கொல்லும். கருணையில்லா அறிவு கண்டும் வாளாவிருக்கும். முதற் சீலத்தை ஓதும்போது, நம் கை செய்யாதவற்றை மட்டுமன்றி, நாம் வாங்குவதும் விற்பதும் எவ்வுயிரைச் சென்று தீண்டும் என்பதையும் சிந்திப்போமாக.